பணியே பள்ளி: பழைய இராமநாதபுரம் மாவட்டத்தின் விளம்பர அச்சும் வரைகலைக் கல்வியும்

ஆய்வுச் சுருக்கம்

இந்திய வரைகலை வடிவமைப்பின் வரலாறு பெரும்பாலும் கல்வி நிறுவனங்களை மையமாகக் கொண்டே எழுதப்பட்டுள்ளது. இருபதாம் நூற்றாண்டில் தமிழகத்தில் மிகுதியாகப் பரவிய வரைகலைப் பொருள்களான தீப்பெட்டி ஒட்டுத்தாள், நாள்காட்டி, திரைப்படச் சுவரொட்டி ஆகியவற்றைப் படைத்தவர்களுள் பலர் அத்தொழிலை வேலையிடத்திலேயே கற்றவர்கள். சிவகாசி அச்சுக்கூடங்களையும் கோவில்பட்டியில் சி. கொண்டையராஜுவைச் சுற்றி உருவான ஓவியர் குழுவையும் சான்றாகக் கொண்டு, அக்கல்வி எவ்வாறு நிகழ்ந்தது, எதைக் கற்பித்தது, எதைத் தர இயலாமற் போயிற்று என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

முன்னுரை

வரைகலை வடிவமைப்புக் கல்வியின் வரலாற்றைக் கூறுவோர் வழக்கமாகச் சில மைல்கற்களைச் சுட்டுவர். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளி முதலாவது. சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் இணையர் 1958இல் இந்திய அரசுக்கு அளித்த அறிக்கை அடுத்தது. அதன் தொடர்ச்சியாக 1961இல் அகமதாபாத்தில் அமைந்த தேசிய வடிவமைப்பு நிறுவனம் மூன்றாவது. இவ்வரிசையில் அச்சுக்கூடத்திற்கும் ஓவியக்கூடத்திற்கும் இடமில்லை. ஈம்ஸ் அறிக்கை இந்தியரின் அன்றாடப் பயன்பாட்டிலுள்ள சொம்பைப் போற்றியது. பெயர் தெரியாத பல தலைமுறையினர் தம் அனுபவத்தால் செதுக்கிய வடிவம் என அதனைப் பாராட்டியது. அதே முறையில், வேலையின் வழியாகவே திருந்தி வந்த தீப்பெட்டிப் படத்தையும் நாள்காட்டிப் படத்தையும் வடிவமைப்பாகக் காணும் பார்வை நெடுங்காலம் உருவாகவில்லை.

1990களுக்குப் பின் இந்நிலை ஓரளவு மாறியது. ஸ்டீபன் இங்கிலிஸ் கொண்டையராஜுவின் படைப்புகளைப் பற்றி எழுதிய ஆய்வும், கஜ்ரி ஜெயின் 2007இல் வெளியிட்ட இந்திய நாள்காட்டிக் கலை குறித்த நூலும் இத்துறைக்கு அடித்தளமிட்டன. எனினும் அவ்வாய்வுகளின் முதன்மைக் கேள்விகள் வழிபாடு, சந்தை, படிமம் ஆகியவற்றைச் சார்ந்தவை. இப்படங்களை ஆக்கியோர் தம் தொழிலை எவ்வாறு கற்றனர் என்பதைக் கல்வி வரலாற்றின் கேள்வியாக முன்வைப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

நிலமும் சந்தையும்

மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் பகுதிகளைப் பிரித்து 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவாக்கப்பட்டது. கிழக்கே இராமேசுவரம் தீவு முதல் மேற்கே சிவகாசி, திருவில்லிபுத்தூர் வரை அது பரந்திருந்தது. 1985இல் அது மூன்றாகப் பிரிக்கப்பட்டபோது சிவகாசி இன்றைய விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆகவே சிவகாசி அச்சுத்தொழிலின் தொடக்கமும் 1985 வரையான வளர்ச்சியும் இராமநாதபுரம் மாவட்ட வரலாற்றின் பகுதியே ஆகும். கோவில்பட்டி அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்ததாயினும் சிவகாசிக்கு அண்மையிலுள்ள கரிசல் நகரம். ஓவியர் ஓரிடத்திலும் அச்சகம் மற்றோரிடத்திலும் இருக்க, மாவட்ட எல்லையைக் கடந்து ஒரே தொழில் வட்டாரமாக இவ்விரு நகரங்களும் இயங்கின.

இக்கடற்கரை அச்சுப் படங்களில் இடம்பெற்ற வரலாறு இன்னும் பழையது. சேதுக்கரையில் இராமன் கடலரசனை அடக்கும் காட்சியை இரவிவர்மா ஓவியமாக்கினார். 1894இல் பம்பாய்ப் பகுதியில் அவர் நிறுவிய அச்சகம் புராணக் காட்சிகளை வண்ணக் கல்லச்சுப் படங்களாக இந்தியா முழுவதும் பரப்பியது. அக்காலத்தில் வண்ணப் படங்கள் வெளியிலிருந்து தெற்கே வந்தன. தெற்கிலேயே படம் வரைந்து தெற்கிலேயே அச்சிடும் நிலையை உருவாக்கியதில் தீப்பெட்டித் தொழிலுக்குப் பெரும் பங்குண்டு.

1922இல் சிவகாசியைச் சேர்ந்த பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்றுத் திரும்பினர். அவர்களும் பட்டறையில் வேலைசெய்தே தொழிலைக் கற்றனர் என்பது இங்குக் கருதத்தக்கது. பின்னர் இருவரும் தனித்தனியே தொழில் நடத்தினர். அணில், காக்கை ஆகிய வணிகக் குறிகள் அவ்வாறு தோன்றின. தீப்பெட்டிக்கு ஒட்டுத்தாள் தேவைப்பட்டது. ஒட்டுத்தாளுக்கு அச்சு தேவைப்பட்டது. 1920களின் இறுதி முதல் சிவகாசியில் லித்தோ அச்சகங்கள் தோன்றிப் பெருகின. பட்டாசு உறை, நாள்காட்டி, சுவரொட்டி ஆகியவை அவற்றைத் தொடர்ந்தன.

ஒட்டுத்தாள் கற்பித்த பாடம்

தீப்பெட்டி ஒட்டுத்தாள் உள்ளங்கையில் அடங்கும் சிறு தாள். குறைந்த வண்ணங்களில், மலிவான தாளில், பல்லாயிரக்கணக்கில் அச்சாக வேண்டியது. வாங்குவோருள் பலர் எழுத்தறியாதவர். அவர் கடையில் கேட்பது நிறுவனத்தின் பெயரை அன்று, படத்தின் பெயரையே. ஆதலால் படம் வாயால் சொல்லக்கூடிய ஒரு சொல்லாக இருத்தல் வேண்டும். அணில், காக்கை என்னும் பெயர்கள் இத்தேவையை நிறைவு செய்தன.

இக்கட்டுப்பாடுகளுக்குள் வேலைசெய்த ஓவியர், இன்றைய பாடநூல்கள் சின்ன வடிவமைப்பின் அடிப்படைகளாகக் கூறுவனவற்றைப் பயிற்சியாலேயே பெற்றார். உருவத்தின் புறக்கோடு பின்புலத்திலிருந்து தெளிவாகப் பிரிய வேண்டும். சிறிய அளவில் கலங்கிவிடும் நுணுக்கங்களை விலக்க வேண்டும். இரண்டு மூன்று வண்ணங்களை ஒன்றன்மேல் ஒன்று பதித்துப் புதிய வண்ணத்தைப் பெற வேண்டும். இவற்றைப் பின்பற்றாத படம் அச்சில் கெட்டது. அச்சில் கெட்டது சந்தையில் விலைபோகவில்லை. திருத்தம் ஆசிரியரிடமிருந்து மட்டுமன்றி, அச்சுத்தாளிலிருந்தும் வந்தது.

திரைச்சீலை, நிழற்படம், நாள்காட்டி

கொண்டையராஜுவின் வாழ்க்கை இக்கல்வியின் மற்றொரு பாதையைக் காட்டுகிறது. 1898இல் பிறந்த அவர் சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். பின்னர்த் திருவண்ணாமலையில் இரமண மகரிஷியின் ஆசிரமத்தைச் சார்ந்து சிலகாலம் இருந்தார். அதன்பின் நாடகக் குழுவில் திரைச்சீலை ஓவியரானார். குழுவோடு ஊர் ஊராகச் சென்ற அவர் 1940களில் கோவில்பட்டியில் நிலைத்தார். அங்குத் தேவி ஆர்ட் ஸ்டூடியோ அவருடைய பணிக்கூடமாயிற்று. 1976இல் மறையும்வரை அவர் அந்நகரிலேயே வாழ்ந்தார். டி.எஸ். சுப்பையா, டி.எஸ். அருணாசலம், மு. இராமலிங்கம், செண்பகராமன் முதலியோர் அவரைச் சூழ்ந்து உருவான ஓவியர்கள். 1950கள் தொடங்கிப் பல பத்தாண்டுகள் தென்னிந்திய நாள்காட்டிப் படங்களின் பொதுமுகத்தை இக்குழுவே பெரிதும் வரையறுத்தது.

இங்கு ஒரு பொதுக்கருத்தைத் திருத்த வேண்டியுள்ளது. இம்மரபைக் கல்வி நிறுவனத்தோடு எவ்வகைத் தொடர்பும் இல்லாத நாட்டார் மரபாகக் கொள்வது பொருந்தாது. குழுவின் தலைவர் கலைப்பள்ளி மாணவர். உடற்கூறு, ஒளிநிழல், தொலைவுக்காட்சி ஆகிய பள்ளி அறிவு அவரிடம் இருந்தது. ஆனால் அவ்வறிவு மாணாக்கர்களுக்குப் பாடமாகச் சென்று சேரவில்லை. வேலையின் தேவைக்கேற்ப மாற்றப்பட்ட வடிவிலேயே சென்று சேர்ந்தது. அம்மாற்றம் மூன்று பணிக்களங்களின் வழியே நிகழ்ந்தது.

முதலாவது நாடகத் திரைச்சீலை. தர்பார், காடு, தெரு ஆகிய காட்சிகள் விளக்கொளியில், கடைசி வரிசையில் இருப்பவருக்கும் புலப்பட வேண்டும். பசை கலந்த நீர்வண்ணம் காய்ந்தபின் வெளிறிப்போகும். ஈரத்தில் காணும் வண்ணத்தை நம்பாமல், காய்ந்தபின் எஞ்சும் வண்ணத்தை முன்னறிந்து தீட்ட வேண்டும். தொலைவிலிருந்து பார்க்கும் கண்ணுக்காக வரைதலையும் இறுதிப் பொருளை முன்னுணர்ந்து வண்ணம் தேர்தலையும் இக்களம் கற்பித்தது.

இரண்டாவது நிழற்படக்கூடம். நிழற்படத்தின் எதிர்ப்படிவத்தைத் திருத்துதல், கறுப்பு வெள்ளைப் படத்திற்கு வண்ணம் தீட்டுதல், மறைந்தோர் படத்தைப் பெரிதாக்கித் தெளிவுபடுத்துதல் ஆகியன இதன் பணிகள். இங்கு வாடிக்கையாளர் நேரில் நிற்கிறார். முகம் ஒத்திருக்க வேண்டும், அதே வேளையில் அவர் விரும்பும் அழகோடும் இருக்க வேண்டும். இக்குழுவின் தெய்வ முகங்களில் காணப்படும் மெல்லிய ஒளிநிழலும் மாசற்ற தோலும் நேர்நோக்கிய பார்வையும் நிழற்படக்கூடப் பயிற்சியோடு ஒப்பவைத்துக் காணத்தக்கன.

மூன்றாவது நாள்காட்டி. இதுவே முழுமையான விளம்பரப் பொருள். மேலே படம், கீழே கடையின் பெயர், அதனடியில் நாள்தாள் கட்டு என்பது அதன் அமைப்பு. ஒரே படம் துணிக்கடைக்கும் பாத்திரக்கடைக்கும் நகைக்கடைக்கும் செல்லும். ஆடிப்பெருக்கு நாளில் புத்தாண்டுக்கான மாதிரித் தொகுப்பை வெளியிடுவது சிவகாசியின் வழக்கம். முகவர்கள் அத்தொகுப்போடு ஊர் ஊராகச் சென்று வணிகர்களிடம் ஆணை பெறுவர். முன்னரே அச்சிட்ட படத்தின்மேல் வாடிக்கையாளரின் பெயர் தனியே அச்சாகும்.

இம்முறை ஓவியர்முன் மூன்று நிபந்தனைகளை வைத்தது. எந்தப் பொருளையும் சுட்டாமலே எல்லாக் கடைக்கும் பொருந்தும் படமாதல் முதலாவது. தெய்வத்தின் திருவடியை மறைக்காமல் பெயருக்கு இடம் விடுதல் இரண்டாவது. ஆண்டு முடிந்தபின் வெட்டிச் சட்டமிட்டுப் பூசையறையில் மாட்டத்தக்கதாய் இருத்தல் மூன்றாவது. விளம்பரத்தின் காலம் முடிந்தபின்னும் வாழவேண்டிய விளம்பரம் என்பதே இதன் தனித்தன்மை. இங்கிலிஸ் தம் ஆய்வுத் தலைப்பில் சட்டமிடத் தகுந்த படம் என்னும் தொடரைப் பயன்படுத்தியது பொருளுடையது.

மாதிரித் தொகுப்பில் இந்துத் தெய்வங்கள் மட்டும் இடம்பெறவில்லை. மக்கா, மதீனா காட்சிகளும், வேளாங்கண்ணி மாதாவும், குழந்தைகளும், இயற்கைக் காட்சிகளும் இருந்தன. கீழக்கரை இசுலாமிய வணிகரும், கடலோரக் கிறித்தவப் பரதவரும், இராமேசுவரத்திற்கு வரும் பயணிகளும் வாழும் ஒரு மாவட்டத்தில் இப்பன்மை வணிகத்தின் தேவையாயிருந்தது. வேறுபட்ட சமயத்தாரின் கண்ணுக்கு எது தகும், எது தகாது என்பதையும் ஓவியர் ஆணைகளின் வழியே அறிந்தார்.

அச்சுக்கூடத்தில் கல்வி

ஓவியத்தையும் அச்சிட்ட படத்தையும் இணைத்தவர் லித்தோ ஓவியர். மூல ஓவியத்தைப் பார்த்து, அதன் ஒவ்வொரு வண்ணத்தையும் தனித்தனித் தகட்டில் கையால் பிரித்து வரைவது அவர் பணி. மஞ்சள் தகட்டில் எவ்விடம் அடர்த்தி, நீலத் தகட்டில் எவ்விடம் புள்ளி, இரண்டும் கூடினால் எவ்வகைப் பச்சை என்பதை அவர் மனத்திலேயே கணிக்க வேண்டும். தகட்டில் அவர் இடுவது கறுப்பு மையே. வண்ணம் இயந்திரத்தில்தான் தோன்றும். நேரடிக் கல்லச்சில் எழுத்துகளையும் உருவங்களையும் வலம் இடமாக வரைய வேண்டும். கொம்பும் காலும் கொண்ட தமிழ் எழுத்துகளை இவ்வாறு எழுதிப் பழகுவது எழுத்து வடிவத்தின் ஒவ்வொரு வளைவையும் தனித்தறியச் செய்யும் கடும் பயிற்சியாகும்.

ஒரு தாள் பலமுறை இயந்திரத்தினூடே செல்லும்போது ஈரப்பதத்தால் நீண்டு சுருங்கினால் வண்ணங்கள் இடம் பிசகும். சிவகாசியின் வறண்ட வானிலை இவ்விடரைக் குறைத்தது. எனினும் முழுவதும் நீக்கவில்லை. ஆகவே இரண்டு வண்ணங்கள் சந்திக்கும் எல்லையில் சிறிது மேற்பொருந்த வரைதலும், மெல்லிய எழுத்தைப் பல வண்ணக் கலப்பில் அமைக்காதிருத்தலும் பணிமரபாயின. பின்னர் ஆஃப்செட் அச்சும் புள்ளித்திரை வழி வண்ணம் பிரிக்கும் நிழற்படக் கருவியும் வந்தபோது, கையால் பிரிக்கும் கலை மறைந்தது. ஆனால் அதில் பழகிய கண், படிவத்தைத் திருத்தும் பணியில் தொடர்ந்தது.

ஜீன் லேவ், எட்டியன் வெங்கர் ஆகியோர் 1991இல் வெளியிட்ட நூலில், கற்றல் என்பது ஒரு தொழிற் சமூகத்தின் விளிம்பில் நுழைந்து படிப்படியாக நடுப்பகுதிக்கு நகர்தல் என விளக்கினர். புதியவருக்கு முதலில் கிடைக்கும் வேலை சிறியது. ஆனால் அது உண்மையான வேலை. ஓவியக்கூட மரபிலும் இப்படிநிலை உண்டு. வண்ணம் கரைத்தல், கட்டமிட்டுப் பெரிதாக்குதல், பின்புலம் நிரப்புதல், ஆடை அணிகளைத் தீட்டுதல், இறுதியாக முகமும் கண்ணும் என்பது அதன் பொது ஒழுங்கு. இதில் தேர்வும் சான்றிதழும் இல்லை. அடுத்த நிலை வேலை ஒப்படைக்கப்படுவதே தேர்ச்சியின் அடையாளம். கொண்டையராஜுவின் கூடத்தில் இவ்வுறவு முதலாளி, கூலியாள் உறவாக மட்டும் அமையவில்லை. திருமணம் செய்துகொள்ளாமல் வாழ்ந்த அவரோடு மாணாக்கர்கள் கொண்டிருந்தது குரு சீட உறவு.

பெயரும் உரிமையும்

இக்கல்வி தராதவற்றையும் வரலாறு பதிவு செய்தல் வேண்டும். முதலாவது பெயர். பிரான்சு நாட்டின் ஜூல் ஷெரே பதின்மூன்று வயதில் லித்தோ அச்சகத்தில் தொழில் பயிலச் சேர்ந்தவர். விளம்பரச் சுவரொட்டிகளை வரைந்தே கலைஞரானார். 1890இல் பிரெஞ்சு அரசு அவருக்கு உயர் விருது அளித்தது. நீஸ் நகர அருங்காட்சியகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவரைப் போன்றே அச்சகத்தில் கற்ற சிவகாசி லித்தோ ஓவியர் எவருடைய பெயரையும் அவ்வாறு ஓர் அரசு நிறுவனம் தாங்கவில்லை. கொண்டையராஜுவும் அவருடைய மாணாக்கர்களும் தம் படங்களில் கையொப்பமிட்டதால் ஆய்வாளர்கள் அவர்களைக் கண்டறிய முடிந்தது. தகட்டில் வண்ணம் பிரித்தவருக்குக் கையொப்பமிட இடமே இல்லை.

இரண்டாவது உரிமை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, மாறுபட்ட ஒப்பந்தம் இல்லாதவிடத்து, பணியின் பகுதியாக ஆக்கப்பட்ட படைப்புக்கும், பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கும் முதல் உரிமையாளர் வேலை கொடுத்தவரே என வரையறுக்கிறது. ஒரு படம் எத்தனை ஆண்டு மறுபதிப்பானாலும் ஓவியருக்குக் கிடைத்தது முதலில் பெற்ற தொகை மட்டுமே என்னும் நிலைக்கு இது வழிவகுத்தது. ஆயின் அதே சட்டத்தின் 57ஆம் பிரிவு, பதிப்புரிமையை விற்றபின்னும் படைப்பு தம்முடையது எனக் கூறும் உரிமையைப் படைத்தவருக்கே வழங்குகிறது. பெயரைக் கோரும் வழி சட்டத்தில் இருந்தது. பெயரைப் பொறிக்கும் வழக்கம்தான் தொழிலில் முழுமையாக வேரூன்றவில்லை.

மூன்றாவது அரசின் பார்வை. தேசிய வடிவமைப்பு நிறுவனம் அமைந்த 1961ஆம் ஆண்டிலேயே தொழில் பழகுநர் சட்டமும் நிறைவேறியது. ஒன்று வடிவமைப்பாளரை உருவாக்க, மற்றொன்று தொழிலாளரைப் பயிற்ற. அச்சுக்கூடத்தில் கற்றவர் இரண்டாம் வகையில் வைக்கப்பட்டார். வண்ணம், எழுத்து, இடப்பகிர்வு குறித்து அவர் நாள்தோறும் எடுத்த முடிவுகள் இயந்திரப் பணியின் பகுதியாகவே கருதப்பட்டன.

உள் குறைகளும் இருந்தன. ஆணையின் வழியாக மட்டும் கற்பவர் ஆணையிடுபவரின் சுவையை எளிதில் மீறமாட்டார். விற்ற படத்தைப் போன்றே மறுபடமும் வரையப்பட்டது. வெற்றிபெற்ற வணிகக் குறியைச் சிறிது மாற்றிப் பின்பற்றுவதும் தொழிலில் பரவியிருந்தது. அச்சகங்களில் பெண்கள் பெரும்பாலும் தாள் மடித்தல், அடுக்குதல், கட்டுதல் போன்ற பணிகளிலேயே அமர்த்தப்பட்டனர். வரையும் மேசைக்குச் செல்லும் படிகள் அவர்களுக்குத் திறக்கப்படவில்லை. பணியிடமே பள்ளியானபோது, பணியிடத்தின் ஏற்றத்தாழ்வுகளே பள்ளியின் சேர்க்கை விதிகளாயின.

கணினிக் காலமும் கடற்கரையும்

1990களில் கணினிவழிப் பக்க வடிவமைப்பு பரவியபோது வேலைக்கருவி மாறியது. கற்கும் முறை பெரிதும் மாறவில்லை. இராமநாதபுரம், பரமக்குடி, இராமேசுவரம் போன்ற ஊர்களின் கணினி அச்சுக் கடைகளிலும் ஃபிளெக்ஸ் கடைகளிலும் தட்டச்சு செய்யச் சேர்ந்தவர் கோரல்டிரா, ஃபோட்டோஷாப் மென்பொருள்களைப் பழகி வடிவமைப்பாளராவது பொதுவழக்கு. திருமண அழைப்பிதழ், கோயில் திருவிழா அறிவிப்பு, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி, கந்தூரி விழா அழைப்பு, அரசியல் வரவேற்புப் பதாகை ஆகியன அவருடைய பாடங்கள். முகம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், யாருடைய பெயர் யாருக்கு மேல் வரவேண்டும் என்பன வாடிக்கையாளர் அருகே அமர்ந்து தீர்மானிப்பவை. படிநிலைகளைக் காட்சியாக்கும் இத்திறன் எப்பாடத்திட்டத்திலும் இல்லை.

ஆனால் ஒரு வேறுபாடு முக்கியமானது. லித்தோ ஓவியரின் தவற்றை அச்சுத்தாள் உடனே காட்டியது, மூத்தவர் திருத்தினார். கணினிக் கடையில் பெரும்பாலும் மூத்தவர் இல்லை. ஆயத்த வார்ப்புகளும் எழுத்துருத் தொகுப்புகளும் அவ்விடத்தை நிரப்புகின்றன. வேலை கிடைக்கிறது. அதைத் திருத்தும் கண் கிடைப்பது அரிதாகிறது. ஓர் இரவுக்குள் பதாகையை முடித்துத் தரவேண்டிய அவசரம் இவ்விடைவெளியை மேலும் பெருக்குகிறது.

முடிவுரை

தீப்பெட்டி ஒட்டுத்தாள் முதல் ஃபிளெக்ஸ் பதாகை வரை நோக்கும்போது மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, தமிழகத்தின் வரைகலை அறிவில் பெரும்பகுதி வேலையிடத்தில் உருவானது. ஆணை, தாள், மை, சந்தை ஆகியன விதித்த கட்டுப்பாடுகளே அதன் பாடத்திட்டமாக விளங்கின. இரண்டாவது, வேலை மட்டும் கல்வியாகிவிடவில்லை. உண்மையான வேலையும், அதைத் திருத்தும் மூத்தவரும், படிப்படியாகப் பொறுப்பை ஒப்படைக்கும் ஒழுங்கும் சேர்ந்தபோதே அது கல்வியாயிற்று. மூன்றாவது, இக்கல்வி பெற்றோர் தொழிலாளர் என வகைப்படுத்தப்பட்டதால் அவர்களுடைய அறிவு வடிவமைப்பு வரலாற்றில் இடம்பெறவில்லை.

இவ்வறிவைத் தாங்கியவர்களுள் கையால் வண்ணம் பிரித்த தலைமுறையினர் இன்று மிக முதியவர்கள். அச்சகங்களின் பழைய மாதிரித் தொகுப்புகளும், மூல ஓவியங்களும், பயன்பட்ட தகடுகளும் பழைய பொருள்களாகக் கழிக்கப்படும் இயல்புடையவை. தென்மாவட்டப் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் இவற்றைத் தொகுப்பதோடு, லித்தோ ஓவியர்களின் பணி நினைவுகளை வாய்மொழி வரலாறாகப் பதிவு செய்தலும் உடனடித் தேவையாகும். படங்கள் பூசையறைச் சட்டங்களில் எஞ்சியிருக்கின்றன. அவை எவ்வாறு ஆக்கப்பட்டன என்பதை அறிந்த கைகள் இருக்கும்போதே அவ்வறிவு எழுத்தில் ஏற வேண்டும்.